பதினான்காம் படுக்கை

படகுத்துறையில் இறங்கியதும் மூக்கைப் பிடித்தது
இறால் விழுது வெயிலில் முற்றும் வாடை.
மரக்கால்களில் நிற்கும் வீடுகள், கீழே சேறு,
சேற்றில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி,
இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

கழிமுகம் திரும்புகிற இடத்தில் கோயில்.
முந்நூறு வருஷம் என்றார்கள்.
சுவரில் என் இடுப்பு உயரத்தில் பழுப்புக் கோடு:
போன புயலில் கடல் உள்ளே வந்து
நின்று பார்த்துவிட்டுப் போன அடையாளம்.
வாசற்படியை மிதிக்கக் கூடாது, தாண்டு
என்று கையசைத்தார் செக் ஃபுக்-ஹோய்,
கணக்கு மேசையில், காதில் பென்சில்,
ரேடியோவில் குதிரைப் பந்தயம்.

உத்தரத்திலிருந்து சுருள் ஊதுவத்திகள்
கவிழ்த்த மீன்கூடைகளாய்த் தொங்கின.
சாம்பல் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.
விழுந்தது, என் காலருக்குள்.

ஹங் ஷிங் புகையேறிய முகத்தோடு இருந்தார்.
உயிரோடு இருந்த காலத்தில் அதிகாரியாம்,
வானம் பார்த்துக் காற்றைச் சொன்னவராம்.
அதனாலோ என்னவோ
இங்கே யாரும் பாடவில்லை, உருகவில்லை.
பெயர், விலாசம், விஷயம்.
தாலுகா ஆபீசில் மனு கொடுக்கிற குரல்.

லாய் காம்-மூய் அந்தக் குரலில்தான்
சொல்லிக்கொண்டிருந்தார்.
ரப்பர் பூட்ஸ். முழங்கையில் ஒட்டிய இரண்டு செதில்.
அவர் மொழியில் எனக்கு எண்கள் மட்டும் தெரியும்,
மீன்கடையில் ஏமாறாமலிருக்கக் கற்றவை.
ஆகவே எண்கள் மட்டும் கேட்டன:
வாரத்தின் இரண்டாம் நாள். ஏழரை மணி.
பதினான்கு.
மறுபடியும் பதினான்கு.

முட்டி ஆபரேஷன், என்றார் செக்,
எனக்குப் புரிகிற பாஷையில், தலை நிமிராமல்.
கத்திக்குப் பயமில்லை அவளுக்கு.
ஆஸ்பத்திரி கொடுத்த படுக்கை எண்தான்.
இவர்கள் வாயில் நான்கு, சாவுக்குப் பக்கத்து வீடு.
பதினான்கைச் சற்று வேகமாகச் சொன்னால்
கட்டாயம் சாவு என்று காதில் விழுமாம்.
சொல்லிவிட்டுக் குதிரைகளிடம் திரும்பிவிட்டார்.

பிறை வடிவில் இரண்டு மரத்துண்டு,
ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் தொப்பை.
ஒன்று மலர்ந்து ஒன்று கவிழ்ந்தால் ஆகட்டும்.
இரண்டும் கவிழ்ந்தால் ஆகாது.
இரண்டும் தட்டை மேலே என்றால்
சாமி சிரிக்கிறார், திரும்பக் கேள்.

முதல் முறை சிரித்தார்.
இரண்டாம் முறையும்.
மூன்றாவது, ஒன்று அவர் காலடியில் மலர்ந்தது,
மற்றது கருங்கல்லில் துள்ளி
பீடத்துக்கு அடியில் ஓடிப் போனது.

அவரால் குனிய முடியாது. அதற்குத்தானே ஆபரேஷன்.
மேசையிலிருந்தவர் எழ மாட்டார், கடைசிச் சுற்று.
மிச்சமிருந்தது நான்.

மண்டியிட்டேன். போனில் விளக்கு.
ஆரஞ்சுத் தோல், செத்த அந்துப்பூச்சி,
ஒரு நாணயம், எண்ணெய் டின்.
டின்னில் சாய்ந்து நெட்டுக்குத்தாக நின்றது
அந்த மரத்துண்டு.
தட்டையும் இல்லை. தொப்பையும் இல்லை.

எப்படி?
உள்ளங்கையை மேலே காட்டினார்,
பிறகு கீழே.
தொடாதே என்று கத்தினார், தொடுவதற்கு முன்பே.
பொய் சொல்ல எனக்கு எண்கள் மட்டும் போதாது.
ஒற்றைக் கையால் கும்பிடுவது போல
கையை நிமிர்த்தி வைத்துக் காட்டினேன்.

ஒரு நொடி ரேடியோ மட்டும்.
அப்புறம் காம்-மூய் சிரித்தார்,
பீடத்தைப் பிடித்துக்கொண்டு, பல் தெரிய, சத்தமாக,
சிரித்தபடியே போனை எடுத்து
ஹங் ஷிங்கின் முகத்துக்கு நேரே நின்று
ஆஸ்பத்திரிக்கு அடித்தார்.
பதினைந்து கேட்டார். பதினாறு கேட்டார்.
ஜன்னலோரம் கிடைக்குமா என்றும் கேட்டாராம்,
செக் பிறகு சொன்னது.
பதில் என்ன வந்தது என்று அவர் சொல்லவில்லை.
அவர் குதிரை தோற்றிருந்தது.

கடைசிப் படகுக்கு ஓடினேன்,
ஓட்டத்திலும் படியை மிதிக்காமல்.

செவ்வாய்க்கிழமை, வேறொரு ஊர்,
ஷூ கயிறு கட்டக் குனிந்தபோது
கருங்கல்லில் ஊன்றிய முட்டி விண்ணென்றது.
மணி பார்த்தேன். ஏழு இருபது.
கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன்,
பத்து நிமிஷம் போகிற வரைக்கும்.